விருத்தாசலத்தில் சர்வே கல் தேடிப் போன கதை

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் வரும் அசட்டுத்தனங்கள் புரியும். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக கிளெய்ம் விசாரிப்பவன் நான். எரிந்த லாரி தானாக எரிந்ததா, இல்லை யாராவது எரித்தார்களா, செத்துப்போனதாகச் சொல்லும் ஆசாமி மாமனார் வீட்டில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. பல வருடமாக இதே பிழைப்பு. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வீட்டில் இதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

லீவு நாட்களில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சில்லறைச் சாமான்களைத் தேடிப் போவது என் கிறுக்கு. இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். கோட்டையையும் பங்களாவையும் எல்லோரும்தான் பார்க்கிறார்கள். என் கட்சி வேறு. துப்பாக்கி ஊருக்குள் வந்தால் நாலு நாளில் திரும்பிப் போய்விடும். சங்கிலி போட்டு நிலத்தை அளந்து, மூலைக்கு ஒரு கல் நட்டு, அதற்கு நம்பர் போட்டு, அந்த நம்பருக்கு வரி போட்டானே, அதுதான் இன்னும் போகாமல் இருக்கிறது. கம்மாபுரம் பக்கம் அந்தக் காலத்துச் சர்வே கற்கள் வரப்புகளில் அப்படியே நிற்பதாகவும், நிலக்கரிச் சுரங்கம் நெருங்கி வருவதால் சீக்கிரம் காணாமல் போகும் என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆகவே 2008 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

எழும்பூரில் காலை ரயில். சாதா இரண்டாம் வகுப்பு, அறுபது ரூபாய்ச் சொச்சம். இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், விருத்தாசலத்தில் இறங்கும்போது மணி பத்தரை. திருச்சி, விழுப்புரம், சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன் அது. என் பக்கத்து சீட்டுப் பெரியவர் விழுப்புரம் தாண்டியதிலிருந்து, “வெள்ளைக்காரன் மட்டும் வரலன்னா நமக்கு ஏது ரயிலு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு இந்தப் பேச்சு ஆகவே ஆகாது. ரயில் போட்ட கம்பெனிக்காரனுக்கு லாபம் குறைந்தால் நம் வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துத்தான் பல லைன்களைப் போட்டார்கள். அவ்வளவு நல்ல இன்சூரன்ஸ் பாலிசியை இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. டிரைவர் பெயர் ஏழுமலை, நாற்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. அரை நாளைக்கு முந்நூற்றைம்பது என்றேன். சரி என்றார். பேரம் பேசாத ஆட்டோக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து, “கம்மாபுரம் பக்கம் பழைய சர்வே கல்லெல்லாம் எங்கெங்க இருக்கு, தெரியுமா? போட்டோ எடுக்கணும்” என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தெரியும் சார். எங்கூரே அங்கதான் இருக்குது” என்றார். “போற வழியில செராமிக் கம்பெனியில எங்க வூட்டுக்காரிக்கு சாப்பாடு குடுத்துட்டு போயிடலாமா?”

கமிஷன், என்று நினைத்தேன். பொம்மைக் கடையில் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு பிள்ளையாரை என் தலையில் கட்டப்போகிறார். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஆட்டோ தொழிற்பேட்டைக்குள் நுழைந்துவிட்டது. சின்னச் சின்னப் பட்டறைகள். ஃபியூஸ் கேரியர், டீ கப், கொலுப் பொம்மை என்று பலகை பலகையாக வெயிலில் காய்கின்றன. ஆள், செடி, நாய், சைக்கிள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. விலை மலிவு, போகிறவர்கள் பட்டறையிலேயே வாங்கிக்கொள்ளலாம். உள்ளங்கை அளவுப் பிள்ளையார் எனக்கு முப்பது ரூபாய்க்குக் கிடைத்தார். ஆமாம், கடைசியில் வாங்கினேன். யாரும் வற்புறுத்தவில்லை, அதுவே உறுத்தலாக இருந்தது.

ஏழுமலையின் மனைவி கஸ்தூரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வரிசையாகக் கிருஷ்ணர்களுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். புருஷன் காதோடு ஏதோ சொன்னதும் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கேமராவைத்தான் பார்த்தார்கள்.

“சார் எந்த ஆபீஸு?” என்றார் கஸ்தூரி.

“ஆபீஸெல்லாம் இல்லம்மா. பழைய கல்லைப் பார்க்கலாம்னு சும்மா வந்தேன்.”

“சும்மா யாரு சார் கல்லப் பாக்க வருவாங்க? பேரு என்னாங்க?”

“மனோகரன்.”

“அப்பா பேரு?”

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும். அப்பா பெயர், அப்புறம் சொந்த ஊர், அப்புறம் தெரு, அதற்குள் சாதி தெரிந்துவிடும். என் அப்பா பெயரை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில், “தங்கவேலு. ஊர் சென்னை, பெரம்பூர். போதுமா?” என்றேன்.

“சும்மாதான் சார், பேச்சுக்கு கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கஸ்தூரியும் ஆட்டோவில் ஏறிவிட்டார். வாடகைக்கு எடுத்த ஆட்டோவில் எனக்கும் கஸ்தூரிக்கும் நடுவில் என் பை. எனக்கு எரிச்சல்.

கம்மாபுரம் விருத்தாசலத்துக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோ மேற்கே போனது. நான் மேப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கேட்டதற்கு, “கொளஞ்சியப்பர் கோயிலு சார், ஒரு எட்டு பாத்துட்டு போயிடலாம்” என்றார் ஏழுமலை. மணவாளநல்லூரில் இருக்கிறது, டவுனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். போவதற்குள் என் மனசில் கடத்தல், கொள்ளை, கிட்னி வரை எல்லாம் ஓடிவிட்டது.

தெரியாதவர்களுக்காக இந்தக் கோயிலின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே சாமியிடம் வேண்டிக்கொள்வதோடு நிற்பதில்லை, கேஸ் போடுகிறார்கள். பிராது கட்டுவது என்று பெயர். இன்ன ஊரில் இருக்கும் இன்னாருடைய மகன் இன்னார், எனக்கு இன்ன அநியாயம் நடந்தது, விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவும் என்று வெள்ளைத் தாளில் எழுதி, பூஜை செய்து, மடித்து முனியப்பர் சந்நிதிச் சூலத்தில் கட்டிவிடுவார்கள். சாமி ஊருக்குப் போய் விசாரித்து வரக் கிலோமீட்டர் கணக்கில் படிப்பணம் உண்டு. மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு கட்டினவரே வந்து ராஜினாமா செய்து கேஸை வாபஸ் வாங்க வேண்டும். நகை திருட்டு, வராத கடன், ஓடிப்போன புருஷன் எல்லாம் இங்கே வருகிறது. கலெக்டர் கச்சேரிக்கு மனு எழுதி எழுதிக் கடைசியில் சாமியையும் கலெக்டராக்கிவிட்டோமா, இல்லை இது அதற்கும் முந்தின வழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், நான் எதையும் நம்பவில்லை.

வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிற ஒருவர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலையும் கஸ்தூரியும் அவர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நான் தூணைப் போட்டோ எடுக்கிற மாதிரி காதை அங்கே வைத்திருந்தேன்.

“என்னா விஷயம்?” என்றார் எழுதுகிறவர்.

“எங்க வூடும் ரெண்டு ஏக்கரு கழனியும் சுரங்கத்துக்கு எடுக்கறதா நோட்டீஸு வந்துருக்குது. எங்க நெலம் எங்களுக்கே இருக்கணும்.”

“யாரு மேல கட்டுறீங்க? பேரு, அப்பா பேரு, ஊரு மூணும் வேணும். இல்லன்னா சாமி எங்கன்னு போயி தேடும்?”

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். “மனோகரன். தகப்பனாரு தங்கவேலு. சென்னை, பெரம்பூரு.”

என் காதில் சூடாக ஏதோ ஊற்றின மாதிரி இருந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனாலும் என் பெயரையும் செத்துப்போன என் அப்பா பெயரையும் ஒருவர் பேனாவால் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாய்ந்து போய், “நான் என்னய்யா செய்தேன் உங்களுக்கு?” என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழுமலை குரலை உயர்த்தவில்லை. “போன வருஷம் இதே மாதிரி ஒருத்தரு வந்தாரு சார். பழைய கோயிலப் பத்தி எழுதறேன்னாரு. டீ வாங்கிக் குடுத்தோம், எளநி வெட்டிக் குடுத்தோம். கல்லு எங்கெங்க இருக்குதுன்னு கேட்டாரு, கூட்டிட்டுப் போயி காட்டினோம். அதுக்கப்புறந்தான் கல்லுக்கெல்லாம் பெயிண்டு அடிக்க ஆளு வந்தாங்க. அப்புறம் நோட்டீஸு. அந்தாளு பேரக் கேக்காம வுட்டுட்டோம் சார். அதுதான் நாங்க செஞ்ச தப்பு.”

அந்தப் பக்கம் வந்து யாரும் சும்மா சர்வே கல்லைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், கேட்டால் அவன் அளக்கிற ஆபீஸ்காரன்தான் என்பது கம்மாபுரத்துக் கணக்கு. எனக்கு அது தெரியவில்லை. என் நல்லெண்ணத்தை நிரூபிக்க அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன், அது இன்னும் மோசமாகப் போயிற்று. அதில் கம்பெனி பெயருக்குக் கீழே ‘விசாரணையாளர்’ என்று போட்டிருக்கிறது. கஸ்தூரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “கம்பெனிதான். நான் சொல்லல?” என்றார்.

“இது வேற கம்பெனிம்மா. லாரி, ஆக்ஸிடெண்ட், அந்த மாதிரி.”

“தப்பு செய்யலன்னா உங்களுக்கு என்ன சார் பயம்?”

இந்த வரியை நான் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. அட்டையை வாங்கிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். அவர்கள் உள்ளே போய்ப் பிராதைக் கட்டிவிட்டு, எனக்கும் சேர்த்து விபூதி கொண்டுவந்தார்கள்.

“கட்டியாச்சு சார். இனிமே நீங்க எங்கூர எவ்ளோ வேணா பாக்கலாம், போட்டோ எடுக்கலாம். வாங்க” என்றார் கஸ்தூரி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னிடம் அப்படியொரு சகஜமாகப் பேசினார்கள். வழியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார் ஏழுமலை, காசு கொடுக்க விடவில்லை. பெயரும் அப்பா பெயரும் சாமியிடம் இருக்கும்போது என்னைச் சந்தேகப்பட அவர்களுக்கு இனி என்ன அவசியம்? அந்த டீயை நான் மட்டும்தான் சந்தேகத்தோடு குடித்தேன்.

அவர்கள் கிராமம் கம்மாபுரத்திலிருந்து மண் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர். கழனிக்கு அப்பால் சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலை மாதிரி ஆக்கியிருக்கிறார்கள், ஊரில் எங்கே நின்றாலும் அது தெரிகிறது. ஏழுமலையின் வரப்பு மூலையில் நான் தேடி வந்த கல் இருந்தது. முழங்கால் உயரம், கருங்கல், தலையில் உளியால் வெட்டின குறி. அதன் மேல் புதுசாகச் சிவப்புப் பெயிண்டில் ஒரு நம்பர். போட்டோ எடுக்கவே கை வரவில்லை, ஆனாலும் எடுத்தேன்.

“இந்தக் கல்லு இருக்கறதாலதான் சார் பட்டா எங்க பேருல இருக்குது” என்றார் ஏழுமலை. “இப்ப இதே கல்ல வெச்சுத்தான் எடுத்துக்கவும் வராங்க.”

வீட்டில் நோட்டீஸைக் காட்டினார்கள். பார்த்த காகிதத்தையெல்லாம் சந்தேகிப்பது என் தொழில் என்பதால் பொறுமையாகப் படித்தேன். பொதுக் காரியத்துக்காக நிலம் தேவைப்படுகிறது என்று இருந்தது. மேற்கோள் காட்டியிருந்த சட்டம் 1894-ஆம் வருஷத்தது. வெள்ளைக்காரன் தனக்குத் தேவையான நிலத்தை எடுத்துக்கொள்ள எழுதிவைத்தது. அவன் கப்பலேறி அறுபது வருஷம் ஆகிறது. அவன் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு நம்மாள் உட்கார்ந்தான், மேஜை டிராயரில் இருந்த சட்டத்தை மட்டும் துடைக்கவில்லை. எல்லாக் கட்சியும் சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுகிறது, எல்லாக் கட்சிக்கும் இந்தச் சட்டம் வேண்டியிருக்கிறது. பொதுக் காரியம் என்பதில் ‘பொது’ யார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதில் ஏழுமலையும் கஸ்தூரியும் சேர்த்தியா என்று கேட்டால் கரண்டு வேண்டாமா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். வேண்டும்தான். இந்தப் பதிவை நான் தட்டச்சு செய்வதும் அந்தக் கரண்டில்தான், எனக்கு இதில் சௌகரியமான பதில் எதுவும் கிடைக்கவில்லை.

கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. அதற்கடியில் பதவி மட்டும். பெயரே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் ஒரு மனிதனின் பெயர் இல்லை. ஆணைப்படி, ஆணைப்படி என்று மேலே மேலே போகிறது.

“அதான் சார் எங்க கஷ்டம்” என்றார் கஸ்தூரி. “ஆபீஸுக்கு போயி யாரு சார் எடுக்கறாங்கன்னு கேட்டா, கவர்மெண்டுங்கறாங்க. கவர்மெண்டுக்கு அப்பா பேரு என்னான்னு எழுதறது? போன வருஷமே கட்டியிருப்போம், எழுத ஒரு பேரு கெடைக்கல. நீங்கதான் கேட்டதும் சொன்னீங்க.”

சாயங்கால பஸ்ஸில் கம்மாபுரத்திலிருந்து டவுனுக்கு வந்து ரயிலைப் பிடித்தேன். பஸ் ஏறும் முன் ஏழுமலையிடம் கேட்டேன், என் பெயரை எடுத்துவிடக் கூடாதா என்று. நான் ஆபீஸ்காரன் இல்லை என்று அவருக்கே இப்போது தெரியும். “தெரியும் சார். ஆனா பிரச்சினை தீராம ராஜினாமா பண்ண முடியாது. வேற பேரு கெடைக்கிற வரைக்கும் உங்க பேரு இருக்கட்டுமே. போயிட்டு வாங்க” என்றார்.

சென்னைக்கு வந்து என் தொழிலை நானே எனக்காகச் செய்து பார்த்தேன். அந்தக் கிறுக்கலுக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்க எங்கெங்கோ போன் போட்டேன். கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிவிட்டார் என்றார்கள், அது இந்த செக்ஷன் இல்லை என்றார்கள், மேலே கேளுங்கள் என்றார்கள். செத்தவனை உயிரோடு பிடித்த எனக்கு, கையெழுத்துப் போட்ட ஒருவனைப் பிடிக்க முடியவில்லை.

மார்ச் மாதம் ஆட்சேபணை விசாரணைக்கு ஏழுமலை கூப்பிட்டார், போனேன். விருத்தாசலத்தில் ஓர் ஆபீஸ் ஹால், இருபது முப்பது விவசாயிகள், மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. மேஜையில் பதவிப் பலகை மட்டும் இருந்தது. ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “தங்கள் ஆட்சேபணை பதிவு செய்துகொள்ளப்பட்டது” என்று காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை முறை வந்தது. இரண்டு ஏக்கர், கிணறு, வீடு, வேறு பிழைப்புக்கு வழியில்லை என்று சொன்னார். பதிவு செய்துகொள்ளப்பட்டது.

“இவர் யார்?” என்று அதிகாரி என்னைக் காட்டிக் கேட்டார்.

“நாங்க பிராது கட்டியிருக்கறமே, அவருங்க” என்றார் கஸ்தூரி. அதிகாரி முகத்தில் சட்டென்று ஒரு மாற்றம். உள்ளூர் மனிதராகத்தான் இருக்க வேண்டும். அவர் நெற்றியிலும் விபூதி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?”

“ஒண்ணுமில்ல சார்” என்றார் ஏழுமலை. “உங்க அப்பா பேரு என்னாங்க?”

பேனா நின்றது. ஹாலில் பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள், எல்லோரும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே. அதிகாரி ஏழுமலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் எதுக்கு இப்ப?”

“சும்மாதான் சார், பேச்சுக்கு.”

அவர் முன்னால் குனிந்து, காலையிலிருந்து பேசிய அச்சுத் தமிழை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார். “எடுக்கறது நான் இல்லப்பா. நீங்க சொல்றத எழுதி மேல அனுப்பறது மட்டுந்தான் என் வேலை. சத்தியமா நான் இல்ல.”

“மேல யாருங்க சார்?” என்றார் கஸ்தூரி.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ரயில் நல்லது, பகலில் திரும்பக் கோயம்பேட்டுக்கு பஸ் நிறைய இருக்கிறது. செராமிக் பொம்மைகளைத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், என் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விட்டது. கம்மாபுரம் பக்கம் போனால் வயல், கல், எல்லை என்று எதையும் விசாரிக்காதீர்கள், கேமராவைப் பைக்குள் வையுங்கள். யாராவது உங்கள் அப்பா பெயரைக் கேட்டால் முறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிராது கட்டி மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. உத்தரவு இன்னும் வரவில்லை, ஏழுமலை இந்தப் பட்டத்துக்கு உளுந்து விதைத்திருக்கிறாராம். ராஜினாமா செய்யச் சொல்லி நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அந்த இரண்டு ஏக்கருக்குப் பொறுப்பென்று இந்த நாட்டில் ஒரு ஆளின் பெயராவது முழுசாக எழுதி இருக்கட்டும். மனோகரன், தகப்பனார் பெயர் தங்கவேலு, பெரம்பூர்.